ஓ.டி.பி. யாருக்குப் போகிறது?

நெய்வேலி நகரியத்தில் குடியிருக்கும் என்.எல்.சி. ஊழியருக்கு உடம்பு முடியாவிட்டால் நிறுவனத்தின் பொது மருத்துவமனை இருக்கிறது. பக்கத்துக் கம்மாபுரம் ஒன்றியத்தில் கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஆரம்ப சுகாதார நிலையம். அதைத் தாண்டினால் விருத்தாசலம், கடலூர், புதுச்சேரி ஜிப்மர். ஒவ்வொரு முறையும் பஸ் செலவோடு ஒருநாள் கூலியும் போகும். இந்தத் தூரத்தைச் செல்போன் குறைத்துவிடும் என்றார்கள்.

வசதிகள் வந்திருப்பது உண்மை. வீட்டிலிருந்தே டாக்டரிடம் காணொலியில் பேச 2020-ல் ‘இ-சஞ்சீவனி ஓ.பி.டி.’ வந்தது. 2021 செப்டம்பரில் நாடு முழுக்கத் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம், ஆளுக்கொரு 14 இலக்க ‘ஆபா’ சுகாதாரக் கணக்கு எண் தருகிறது. கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்தால் சில மருத்துவமனைகளில் ஓ.பி. டோக்கன் உடனே கிடைக்கிறது. ஸ்மார்ட்போன் இல்லாதவருக்குப் பழைய வரிசைதான்.

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்திய நகரங்களில் இணையத்தைப் பயன்படுத்தியிருந்த ஆண்கள் 72.5 சதவீதம், பெண்கள் 51.8 சதவீதம். கிராமப் பெண்களில் இது 24.6 சதவீதம்தான்.

வீட்டுக்கு ஒரு போன்

போன் இருக்கும் வீட்டிலும் அது யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். மகன் சுரங்கத்தில் முதல் ஷிப்டில் இருப்பார். வீட்டில் சுகர் ஏறிக் கிடக்கும் அம்மா டாக்டரிடம் பேசப் பதிவு செய்தால், ஓ.டி.பி. மகனுடைய எண்ணுக்குப் போகும். அவர் வீடு திரும்புவதற்குள் அது காலாவதியாகிவிடும். மாலையில் போன் கிடைத்தாலும், மகனை எதிரே வைத்துக்கொண்டு கர்ப்பப்பைக் கோளாறை எந்தத் தாய் வாய்விட்டுச் சொல்வார்?

கொரோனா தடுப்பூசியின்போது இதை நாடே பார்த்தது. 2021 மே தொடக்கத்தில் 18 முதல் 44 வயதுள்ளவர்கள் ‘கோவின்’ தளத்தில் பதிவு செய்தால்தான் ஊசி. இணையம் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று உச்ச நீதிமன்றமே கேட்டது. ஜூனில் அந்தத் தளத்தில் மாநில மொழிகள் சேர்ந்தபோது முதலில் தமிழ் இல்லை. எதிர்ப்பு எழுந்த பிறகே வந்தது.

நடுவில் ஒரு ஆள்

வழி தெரியாமல் இல்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் சிற்றூர்களில் பார்வை மையங்கள் நடத்துகிறது. பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதிப்பார். தொலைவில் இருக்கும் டாக்டர் திரையில் பார்த்து ஆலோசனை சொல்வார். நோயாளிக்குப் போனும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம். இ-சஞ்சீவனியிலும் சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து, ஊழியர் துணையோடு சிறப்பு மருத்துவரிடம் பேசும் ஏற்பாடு உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீடு தேடித் தருபவர்கள் பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்கள்தான். மாத்திரை கொடுக்க வரும்போதே அவர்கள் கையில் ஒரு டேப்லெட்டும் இருந்தால், டாக்டரையும் அங்கேயே காட்டிவிடலாம்.

மருத்துவத்தில் செயலி கூடுதல் வாசலாக இருக்கட்டும்; ஒரே வாசலாக ஆகக் கூடாது. ஓ.பி. சீட்டு தரும் கவுண்டர் எங்கேயும் மூடப்படக் கூடாது. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காணொலி ஆலோசனைக்கு உதவ ஒரு ஆளும், கதவு சாத்திய ஓர் அறையும் வேண்டும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே கேளுங்கள்.