உங்களுக்குத் தெரியுமா? இரண்டு ஆண்டு கழித்து விழுந்த கத்திரி

வெளியாகி இரண்டு ஆண்டுக்குப் பிறகும் ஒரு தொடரில் கத்திரி விழுந்தது. ‘தர்ட்டீன் ரீசன்ஸ் வொய்’ தொடரில் பள்ளி மாணவி தற்கொலை செய்துகொள்ளும் ஏறத்தாழ 3 நிமிடக் காட்சியை 2019 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் நீக்கியது.

• தொடர் வெளியான மறுமாதம், 2017 ஏப்ரலில், அமெரிக்காவில் 10–17 வயதினரின் தற்கொலை விகிதம் 28.9% கூடியது என்கிறது ஓர் ஆய்வு. தொடர்தான் காரணம் என்று அது நிறுவவில்லை.

• 1981இல் மேற்கு ஜெர்மனியில், ஒரு மாணவனின் தற்கொலையைக் காட்டிய 6 பகுதித் தொடருக்குப் பின்னும் இளைஞர் தற்கொலைகள் அதிகரித்தன.

• மாறாக, நெருக்கடியிலிருந்து மீண்டவரின் கதை உயிர் காக்கக்கூடும். இதுவே ‘பாபகேனோ விளைவு’. மோட்சார்ட்டின் இசைநாடகத்தில், உயிரைவிடத் துணிந்தபோது மூன்று சிறுவர் தடுத்ததால் பிழைத்தவன் பாபகேனோ.

• மனம் கனத்தால் இந்தியாவில் 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம்.