இரவில் வண்டியைச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கலாமா?

"ஹஜ்ரத், மகன் புதுசா கரண்ட் ஸ்கூட்டர் வாங்கியிருக்கான். இஷா தொழுதுட்டு வந்து சார்ஜ் போட்டா ஃபஜ்ருக்குத்தான் கழட்டுறான். எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது. இப்படிப் போட்டுட்டுத் தூங்கலாமா?"

பெண்கள் பயான் முடிந்தபின் திரைக்கு அப்பாலிருந்து ஒரு தாய் கேட்ட கேள்வி இது. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய கேள்வி அல்ல இது. மார்க்கத்தில் இதற்கு நேரடியான அடிப்படையே உண்டு.

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு, அதில் இருந்தவர்களோடு சேர்ந்து எரிந்துபோனது. செய்தி நபி (ஸல்) அவர்களிடம் சொல்லப்பட்டபோது, நெருப்பு உங்களுக்கு எதிரி என்றும், உறங்கும் முன் அதை அணைத்துவிட வேண்டும் என்றும் அறிவுறுத்தினார்கள். அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. விளக்குத் திரியை எலி இழுத்துச் சென்று வீட்டையே கொளுத்திவிடக்கூடும் என்ற எச்சரிக்கையும் ஹதீஸ்களில் வருகிறது.

2022 மார்ச்சில் வேலூரில் நடந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டோம். இரவில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, வீடு முழுக்கப் புகை சூழ்ந்து, ஒரு தந்தையும் அவருடைய சிறு வயது மகளும் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். அந்தத் தாயின் பயம் வெறும் பயமல்ல.

அப்படியானால் கூடவே கூடாதா? இமாம் நவவி (ரஹ்) இந்த ஹதீஸுக்கு விளக்கம் எழுதும்போது, பள்ளிவாசல்களில் தொங்கவிடப்படும் விளக்குகளைப் பற்றிப் பேசுகிறார்கள். அவற்றால் தீ பரவும் அச்சம் இருந்தால் அணைக்க வேண்டும். வழக்கமாகப் பாதுகாப்பாகவே இருக்கும் என்றால் குற்றமில்லை, ஏனெனில் தடைக்கான காரணம் அங்கே இல்லை என்பது அவர்களின் கருத்து. நம் கேள்விக்கும் இதுவே அளவுகோல். பாதுகாப்பு உறுதியான வீட்டில் இரவில் சார்ஜ் போடலாம். உறுதியில்லாத வீட்டில் கூடாது. அந்த உறுதி ஃபத்வாவில் கிடைக்காது, வயரிங்கில்தான் கிடைக்கும்.

வயரிங்கில் என்ன பிரச்சினை? மிக்ஸி பத்து நிமிடம் ஓடும். வாட்டர் ஹீட்டர் அரை மணி நேரம் ஓடும். வண்டியோ பல மணி நேரம் இடைவிடாமல் கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும். சுவிட்ச் போர்டுக்குள் ஒரு ஸ்குரூ லேசாகத் தளர்ந்திருந்தால் மிக்ஸிக்கு அது தெரியவே தெரியாது. வண்டிக்கு அந்த இடம் சூடேறி, உருகி, கருகும். என் வீட்டிலும் முதல் இரண்டு மாதம் ஹாலிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்துத்தான் ஸ்கூட்டருக்குப் போட்டேன். ஒருநாள் பிளக்கைக் கழட்டினால் அதன் பின் பழுப்பேறிப் போயிருந்தது. அன்றே வயர்மேனை அழைத்தேன்.

முதலில் எவ்வளவு கரண்ட் தேவை என்று பாருங்கள். ஸ்கூட்டரின் பேட்டரி பெரும்பாலும் 3 யூனிட் அளவுதான். சார்ஜர் ஏறக்குறைய 1 கிலோவாட்டுக்குள் இழுக்கும். ஒரு யூனிட்டில் சுமார் 30 கி.மீ. ஓடும். கார் அப்படியல்ல. 30 யூனிட் பேட்டரியுள்ள காரை 15 ஆம்ப்ஸ் பிளக்கில், அதாவது சுமார் 3 கிலோவாட்டில், முழுதாக ஏற்ற 10 மணி நேரத்துக்கு மேல் ஆகும். சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் பெட்டியில் 5 மணி நேரத்துக்குள் முடியும்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தச் சுவர்ப் பெட்டி உண்மையில் சார்ஜரே அல்ல. பாதுகாப்பு ஏற்பாடுகள் உள்ள ஒரு பெரிய சுவிட்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றுவது காருக்குள்ளேயே இருக்கும் சார்ஜர். அது 3.3 கிலோவாட் என்றால் சுவரில் எவ்வளவு பெரிய பெட்டி மாட்டினாலும் வேகம் கூடாது. மேலும் ஒரு குடும்பம் நாளுக்கு 40 கி.மீ. ஓட்டினால் செலவாவது 5 முதல் 7 யூனிட்தான். 15 ஆம்ப்ஸ் பிளக்கிலேயே இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் அது ஏறிவிடும். பெரும்பாலான வீடுகளுக்கு ஒழுங்காகப் போடப்பட்ட ஒரு 15 ஆம்ப்ஸ் லைன் போதும் என்பதே என் எண்ணம். பெரிய பெட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியை எர்த்துக்குச் செலவழியுங்கள்.

ஒழுங்காக என்றால், மெயின் போர்டிலிருந்து வண்டிக்கென்றே தனி லைன். இடையில் வேறு எதற்கும் கிளை எடுக்கக் கூடாது. 15 ஆம்ப்ஸ் பிளக்குக்கு 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர் வயரும், 7.2 கிலோவாட் பெட்டிக்குக் குறைந்தது 6 ஸ்கொயர் எம்.எம். வயரும் போடச் சொல்லுங்கள். அந்த லைனுக்குத் தனி எம்.சி.பி. வேண்டும். அதோடு 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி.யும் வேண்டும். எம்.சி.பி. வயரைக் காக்கும், மழையில் நனைந்த வண்டியைத் தொடும் பிள்ளையைக் காப்பது ஆர்.சி.சி.பி. இரண்டில் ஒன்று போதும் என்று சொல்லும் வயர்மேனை மாற்றிவிடுங்கள்.

அடுத்து எர்த். பழைய வீடுகளில் எர்த் வயர் போர்டு வரை வந்திருக்கும், மண்ணில் அதன் பைப் என்றோ துருப்பிடித்துப் போயிருக்கும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் உப்பு மண்ணில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். மீட்டர் வைத்து அளந்து 5 ஓமுக்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் புதிய எர்த் குழி போடுங்கள். எர்த் சரியில்லாவிட்டால் பல கார் சார்ஜர்கள் வேலை செய்ய மறுக்கும். உடனே சிலர் எர்த் பின்னை உடைத்தோ, இரண்டு பின் கன்வர்ட்டர் மாட்டியோ அதை ஏமாற்றப் பார்க்கிறார்கள். வீட்டில் தூங்குபவர்களின் உயிரோடு விளையாடும் வேலை அது.

வண்டி நிற்கும் இடமும் முக்கியம். வீட்டுக்கு இருக்கும் ஒரே வாசலை அடைத்தபடியோ மாடிப்படிக்குக் கீழேயோ சார்ஜ் போடாதீர்கள். தீயைவிட முந்தி வருவது புகை. கழற்றி எடுக்கும் பேட்டரியைப் படுக்கையறைக்குக் கொண்டுபோக வேண்டாம். வேலூர் போன்ற சம்பவங்களுக்குப் பிறகு பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ். 156 விதிகள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாகக் கடுமையாக்கப்பட்டன. பழைய வண்டி வாங்குபவர்கள் அது எப்போது தயாரானது என்று பார்த்து வாங்குவது நல்லது.

இனி யாருடைய கரண்ட் என்ற கேள்வி. சொந்த வீட்டில், இருக்கிற இணைப்பிலேயே வண்டியைச் சார்ஜ் செய்துகொள்ள மத்திய மின்சார அமைச்சகத்தின் வழிகாட்டுதல் அனுமதிக்கிறது. ஆனால் உங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு என்று மின் கட்டண அட்டையில் பாருங்கள். போதாவிட்டால் மின்வாரியத்தில் விண்ணப்பித்துக் கூட்டிக்கொள்ள வேண்டும். இணைப்பு எடுக்கும்போது நாம் கையெழுத்திட்டதும் ஓர் ஒப்பந்தம்தான். மீட்டருக்கு முன்னாலிருந்து கரண்ட் எடுப்பது திருட்டு. 2003 மின்சாரச் சட்டத்தின் 135-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அரசாங்கத்துச் சொத்துதானே என்ற வாதம் மார்க்கத்திலும் எடுபடாது.

நம் குடும்பங்களில் அதிகம் கவனிக்கப்படாத ஒன்று, அண்ணன் தம்பிகள் ஒரே மீட்டரில் வசிப்பது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். 2022-ல் வந்த கட்டண அமைப்பில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101-ஆவது யூனிட்டிலிருந்தே கணக்கு மாறும். ஒரு கார் இரண்டு மாதத்தில் 350 யூனிட் சாப்பிடும் என்று வைத்துக்கொள்வோம். தம்பியின் காரால் அண்ணன் வீட்டு விளக்குக்கும் ஃபேனுக்கும் விலை கூடுகிறது. பில்லைப் பாதியாகப் பிரித்துக்கொண்டால் அண்ணனின் ஹக் போகிறது. அவர் வெட்கப்பட்டுக் கேட்காமல் இருப்பது சம்மதம் ஆகாது. சார்ஜிங் லைனில் ஒரு சிறிய சப்-மீட்டர் மாட்டி, யூனிட்டையும் கூடுதல் கட்டணத்தையும் தம்பியே ஏற்றுக்கொள்ளட்டும். வாடகை வீட்டிலும் இதே முறைதான். வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஃபிளாட்டில் பொது மீட்டரிலிருந்து போடாமல், சங்கத்தில் அனுமதி பெற்று உங்கள் மீட்டரிலிருந்தே பார்க்கிங்குக்கு லைன் இழுங்கள்.

தொழ வந்த நேரத்தில் பள்ளிவாசல் பிளக்கில் ஸ்கூட்டரை மாட்டுபவர்களையும் பார்க்கிறேன். அந்த மின்சாரம் தொழுகையாளிகளின் ஒளுவுக்கும் விளக்குக்கும் ஃபேனுக்குமாக வக்ஃபுப் பணத்தில் வாங்கப்படுவது. முத்தவல்லி தலையாட்டினாலும் அது அவர் கொடுக்கக்கூடிய பொருளல்ல. ஜமாஅத்துக்கு அப்படி ஒரு வசதி தேவையென்றால் தனி இணைப்பு எடுத்து, கட்டணம் வாங்கிச் செய்யலாம்.

அந்தத் தாயிடம் அன்று நான் சொன்னது இவ்வளவுதான்: வயர்மேன் வந்து எர்த்தை அளந்து, தனி லைன் போட்டு முடிக்கும் வரை, மகன் மஃரிபுக்கு முன்பே சார்ஜ் போட்டுவிட்டு, எல்லோரும் விழித்திருக்கும்போதே கழட்டிவிடட்டும். லைன் போட்டபின் முதல் வாரம், ஒரு மணி நேரம் ஓடியதும் சுவிட்சை அணைத்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் வயர்மேனை மறுபடியும் கூப்பிடுங்கள்.