செரி மலரும் செந்தமிழும்

வசந்த காலம் பிறந்ததும் சுவிற்சர்லாந்தின் மலைச்சாரல்களிலே செரி மரங்கள் பூத்துக் குலுங்குகின்றன. இலைகள் முழுமையாக விரியுமுன்னரே மலர்கள் நிறைந்துவிடுவதனால், மரம் முழுவதும் ஒரே வெண்பூவாகக் காட்சி தருகின்றது. இரு வாரங்களுக்குள் அவை உதிர்ந்துவிடும். லீஸ்டால் நகரிலே செரி பூக்கும் நாள் 1894ஆம் ஆண்டு தொடக்கம் ஆண்டுதோறும் குறிக்கப்பட்டு வருகின்றது.

பேரழகும் குறுகிய வாழ்வும் ஒருங்கே அமைந்தமையாலேயே இம்மலர் கலைஞரின் உள்ளத்தைக் கவர்ந்தது. யப்பானியர் இதிலே நிலையாமையைக் கண்டனர். ஹொக்குசாய் (1760 - 1849) என்னும் ஓவியர், செரி மரங்களின் கீழ் மக்கள் கூடி மகிழ்வதையும், தொலைவிலே பியூஜி மலை உயர்ந்து நிற்பதையும் ஒரே மர அச்சு ஓவியத்தில் காட்டினார். பூ உதிர்ந்துவிடும், மலையோ நிலைத்து நிற்கும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தகைய ஓவியங்கள் ஐரோப்பாவை வந்தடைந்தன. ஒல்லாந்து ஓவியரான வின்சென்ட் வான் கோ, 1887இல் ஹிரோசிகே என்பாரின் பிளம் மர ஓவியத்தைப் பார்த்து வரைந்து பழகினார். அவர் யப்பானுக்கு ஒருபோதும் சென்றதில்லை. 1890இல் தம் தம்பிக்கு மகன் பிறந்தபோது அவர் வரைந்தது, தாம் வாழ்ந்த தென் பிரான்சிலே பூத்த வாதுமை மலர்களையே. பார்க்கும் முறையை யப்பானியரிடம் கற்றார். வரைந்த பூவோ அவர் கண்முன் நின்றது.

நமது மரபும் இத்தகையதே. சங்கப் புலவர் தாம் வாழ்ந்த நிலங்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனப் பூக்களின் பெயரால் அழைத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் உணர்வை உரிமையாக்கினர். கபிலர் குறிஞ்சிப்பாட்டிலே 99 பூக்களை அடுக்கிக் கூறுகின்றார். ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழின் சுவையை அறிவிக்கவே அப்பாட்டு எழுந்தது என்பர். தமிழைப் புதிதாக அறிய வந்தவருக்கான பாட்டிலே பூக்கள் இத்துணை இடம்பெற்றமை நாம் சிந்திக்கத்தக்கது.

இங்கு வளரும் நம் பிள்ளைகளுட் பலர் குறிஞ்சிப் பூவைக் கண்டதில்லை. அதனால் தமிழ்க் கவிதை எங்கோ தொலைவிலுள்ள நாட்டுக்கு மட்டுமே உரியது என அவர்கள் எண்ணிவிடலாகாது. மாணவச் செல்வங்களே, குறிஞ்சியைப் பாட்டிலே கற்றுக்கொள்ளுங்கள். பள்ளி செல்லும் வழியிலே பூத்து நிற்கும் செரியைத் தமிழிலே எழுதுங்கள். பெற்றோரே, அடுத்த வசந்தத்திலே பிள்ளைகளை ஒரு செரி மரத்தடிக்கு அழைத்துச் சென்று, கண்டதைத் தமிழிலே சொல்லச் செய்யுங்கள். கபிலர் கூறாத 100ஆவது பூவுக்கும் நம் மொழியில் இடமுண்டு.