சோழி பரப்பிக் கிரகணம் சொன்ன புதுச்சேரித் தமிழர்!

புதுச்சேரிக் கோட்டைக்குள் கவர்னர் மாளிகை இடிந்து கிடந்தது. 1761-ம் ஆண்டு ஊரைப் பிடித்த ஆங்கிலேயர்கள் அதைத் தரைமட்டம் ஆக்கிவிட்டார்கள். அந்த இடிபாட்டின் மேல் 1768-ம் ஆண்டு ஒரு கட்டடம் எழும்பியது. அது நட்சத்திரங்களை ஆராயும் கூடம். உள்ளே தூரதிருஷ்டிக் கண்ணாடியும் கடிகாரமும் வைக்கப்பட்டன. அங்கே வேலை பார்க்க வந்தவர் லெ ஜான்டி என்ற பிரெஞ்சு வானசாஸ்திரி.

அவர் வந்த காரியம், சுக்கிரன் சூரியனைக் கடப்பதைப் பார்ப்பது. அப்போது சூரியனின் மேல் ஒரு கரும்பொட்டு ஊர்வது போலத் தெரியும். உலகத்தின் பல இடங்களில் இருந்து அதைப் பார்த்து நேரம் குறித்தால், சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். ஆனால் இந்தக் காட்சி எளிதில் கிடைக்காது. எட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு தடவை வரும். பிறகு நூறு ஆண்டுக்கு மேல் வராது!

கடலிலே போன முதல் வாய்ப்பு

முதல் தடவை 1761-ம் ஆண்டு ஜூன் 6-ந் தேதி. அதற்காக 1760-ம் ஆண்டிலேயே பிரான்சில் இருந்து கப்பல் ஏறினார். நடுவழியில் இடி போல் ஒரு செய்தி வந்தது. புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகிவிட்டதாம்! கப்பல் திரும்பியது. குறித்த நாளில் அவர் நடுக்கடலில் இருந்தார். சுக்கிரன் தெரிந்தது. ஆனால் ஆடுகிற கப்பலில் நின்றுகொண்டு துல்லியமாக என்ன அளக்க முடியும்?

வேறொருவராக இருந்தால் ஊருக்குத் திரும்பியிருப்பார். அவர் திரும்பவில்லை. அடுத்த தடவை வரட்டும் என்று எட்டு ஆண்டுகள் காத்திருந்தார். 1768-ம் ஆண்டு மார்ச் மாதம் புதுச்சேரியில் கால் வைத்தார். அதற்குள் ஊர் மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்திருந்தது. சென்னையில் இருந்த ஆங்கிலேயர்கள் அவருக்கு ஒரு தூரதிருஷ்டிக் கண்ணாடி அனுப்பினார்கள். சண்டை போட்டவர்கள்தான்!

ஆசிரியர் தமிழர்

சுக்கிரன் வர இன்னும் ஓர் ஆண்டுக்கு மேல் இருந்தது. அதுவரை என்ன செய்வது? அவர் மாணவர் ஆனார். பஞ்சாங்கம் கணிக்கத் தெரிந்த தமிழர் ஒருவரிடம் பாடம் கேட்டார்.

அங்கே அவர் கண்டது அவரைத் திகைக்க வைத்தது. ஆசிரியரிடம் பேனா இல்லை, பென்சில் இல்லை. சோழிகளைப் பரப்புவார். மனப்பாடமாக இருக்கும் வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே சோழிகளைக் கூட்டுவார், தள்ளுவார். கிரகணக் கணக்கு மளமளவென்று முடிந்துவிடும்.

அது என்ன வாக்கியம்? ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. வாக்கியத்தைச் சொன்னால் எண் கிடைத்துவிடும். சந்திரன் பூமியை நெருங்கியும் விலகியும் சுற்றுகிறது. ஒரு தடவை நெருங்கி, மறுபடி நெருங்க ஏறக்குறைய 27½ நாள் ஆகும். இப்படி ஒன்பது சுற்றுக்கு 248 நாள். ஒரு நாளைக்கு ஒன்றாக 248 வாக்கியங்கள். சந்திரன் எந்த நாளில் எங்கே நிற்கும் என்பது அதில் அடங்கிவிடும்.

லெ ஜான்டி இந்தக் கணக்கைச் சோதித்தார். 1765-ம் ஆண்டு ஆகஸ்ட் 30-ந் தேதி சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் பிடித்தது? தமிழர் கணக்கில் 41 விநாடி குறைந்தது. ஐரோப்பாவில் புகழ்பெற்ற மேயர் அட்டவணையின் கணக்கிலோ 68 விநாடி கூடியது!

கடைசியில் 1769-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி காலை வந்தது. அதற்கு முன் பல நாள் வானம் பளிச்சென்று இருந்தது. அன்று மட்டும் மேகம் மூடிக்கொண்டது. சுக்கிரன் கடந்து போன பிறகுதான் சூரியன் வெளியே வந்தது. இரண்டு வாரம் அவரால் பேனாவைத் தொடவே முடியவில்லை.

1771-ல் வெறுங்கையோடு பாரிஸ் போனதாகத்தான் அவர் கதையைச் சொல்வார்கள். அது சரியல்ல. புதுச்சேரியில் கற்ற கணக்கு அவர் கையில் இருந்தது. அதைப் புத்தகத்தில் எழுதி வைத்தார்.

மறுபடியும் ஒரு சோழிக் கணக்கு

அதன் பிறகு வந்தவர் வாரன். பிறப்பால் பிரெஞ்சுக்காரர். சென்னை வான ஆராய்ச்சிக் கூடத்தில் தலைமை வகித்துவிட்டுப் புதுச்சேரியில் தங்கினார். அவருக்காக ஒரு பஞ்சாங்கக்காரர், 1825-ம் ஆண்டு மே 31-ந் தேதி இரவு வந்த சந்திர கிரகணத்தைச் சோழி வைத்துக் கணித்தார். தொடக்க நேரத்தில் 4 நிமிஷம்தான் பிசகு. நடுநேரத்தில் 23 நிமிஷம், முடிவில் 52 நிமிஷம் பிசகியது. ஏன் இப்படிக் கணிக்க வேண்டும் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. எல்லாம் ஞாபகசக்திதான்.

1952-ம் ஆண்டு அமெரிக்காவில் இருந்த அறிஞர் நியுகெபவர், இவ்விருவர் எழுதியதையும் ஆராய்ந்தார். அதே 248 நாள் கணக்கு, பழைய பாபிலோன் நாட்டின் களிமண் பலகைகளிலும் இருப்பதை எடுத்துக் காட்டினார். புதுச்சேரித் தெருவில் சோழி பரப்பியவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை!

சோழி போய்விட்டது. வாக்கியப் பஞ்சாங்கம் போகவில்லை. புதுச்சேரி மாநிலத்தைச் சேர்ந்த திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சிக்கு இன்றும் அதுதான் கணக்கு. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2023-ம் ஆண்டு ஜனவரி மாதமே சனி பெயர்ந்துவிட்டது. திருநள்ளாற்றில் கூட்டம் கூடியது டிசம்பர் 20-ந் தேதி.