ஆள்வோர் மீது வழக்கு

வேலியே பயிரை மேய்ந்தால் விளைவு என்னாம்? சிறு திருடன் ஒருவனைப் பிடித்து மன்றில் நிறுத்துதல் எளிது. மன்றையும் காவலையும் தன் கையில் உடையவனே திருடுவானாயின், அவனைப் பிடிப்பவர் யார்? எந்த மன்றில் நிறுத்துவது? எந்நாட்டும் எக்காலத்தும் எழுந்த இவ்வினாக்களுக்குச் சட்டத்தின் வாயிலாக விடைகாண முயன்றவருள் பண்டை ரோமர் சிறந்தவர். அவர்தம் நகரில் கி. மு. 70-ஆம் ஆண்டில் நிகழ்ந்த வழக்கொன்று, இம்முயற்சிக்கு உண்மையான இடையூறு யாது என்பதை இனிது விளக்கும். அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

சிசிலித் தீவு, ரோமர் கடல் கடந்து கொண்ட முதல் மாகாணம்; ரோம் நகருக்குக் கோதுமை அளித்த களஞ்சியம். கி. மு. 73 முதல் 71 முடிய மூன்றாண்டு அதனை ஆண்டவன் வெரீஸ் என்பான். உழவர் விளைவில் பத்திலொரு பங்கை வரியாகச் செலுத்துதல் அங்கு முறை. வெரீஸின் ஏவலரோ அதனினும் மிகுதியாகப் பறித்தனர் என்றும், தீர்ப்புக்கள் கைக்கூலிக்கு விலைபோயின என்றும், செகெஸ்டா நகரத்தார் வழிபட்ட தயானா தேவியின் வெண்கலத் திருவுருவமும் கவரப்பட்டது என்றும் மக்கள் முறையிட்டனர். தான் ரோமக் குடிமகன் என்று கதறிய காவியஸ் என்பானையும் சிலுவையில் அறைவித்தான் என்பது, அவன்மீது சாற்றப்பட்ட குற்றங்களுள் கொடியது.

இத்தகையோரை வினவுதற்கு ரோமரிடம் சட்டம் இல்லாமற் போகவில்லை. மாகாணத் தலைவர் முறைகேடாய்க் கவர்ந்த பொருளை மீட்டற்கென்றே கி. மு. 149-இல் நிலையான நியாயமன்றம் ஒன்று ஏற்பட்டிருந்தது. ஆயினும் பதவியில் இருக்கும்வரை தலைவன்மீது வழக்கிடல் இயலாது. பதவி நீங்கியபின் வழக்கிடினும், அக்காலத்தில் நடுவராய் அமர்ந்தவர் யாவரும் செனட் சபையார், குற்றவாளியும் அச்சபையானே. தன் இனத்தானைத் தண்டிக்க எவர் விரைவர்?

சிசிலி மக்கள் சிசரோவை அடைந்தனர். கி. மு. 75-இல் அத்தீவில் பொருளதிகாரியாய் இருந்து நேர்மையாளர் எனப் பெயர்பெற்ற அவருக்கு அப்போது வயது முப்பத்தாறு. எதிர்த்தரப்பில் நின்றவரோ, ரோமில் ஒப்பாரின்றி விளங்கிய வழக்குரைஞர் ஹார்ட்டென்ஸியஸ். அடுத்த ஆண்டிற்குரிய கான்சல் பதவிக்கு அவரும், வெரீஸின் நண்பராகிய மெட்டெல்லஸ் ஒருவரும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அம்மெட்டெல்லஸின் உடன்பிறந்தார் ஒருவர், வரும் ஆண்டில் இம்மன்றிற்குத் தலைவராக இருந்தார். மற்றொருவர் அப்பொழுதே சிசிலியை ஆண்டு, சாட்சிகளை அச்சுறுத்தி வந்தார். ஆகவே, வெரீஸின் தரப்பினர் வழக்கை வெல்ல வேண்டுவதில்லை. ஆண்டு கழியுமட்டும் நீட்டினாலே போதும்.

அங்ஙனமே சூழ்ச்சி செய்தனர். சான்று திரட்டச் சிசரோ 110 நாள் தவணை கேட்டார். உடனே மற்றொருவன் அகாயா நாட்டு வழக்கொன்றிற்கு 108 நாள் கேட்டு, தன் வழக்கே முன்னர் நடைபெற வழிசெய்தான். அவனோ சான்று திரட்ட இத்தாலியின் கரையையும் தாண்டவில்லை. சிசரோ ஐம்பதே நாளில் தீவு முழுவதும் சுற்றித் திரும்பினார். உழவரின் கண்ணீரைமட்டும் அவர் கொண்டுவரவில்லை, ஏடுகளையும் கொண்டுவந்தார். சிரக்கூஸ் நகரில் வரிக்குத்தகைக் கூட்டத்தாரின் கணக்கேட்டில் ‘வெருக்கியஸ்’ என்றொரு பெயர் பலகால் வந்தது. பெயரின் முற்பகுதி பழுதின்றி இருக்க, பிற்பகுதி மட்டும் சுரண்டித் திருத்தப்பட்டிருந்தது. வெரீஸ் என்பதே வெருக்கியஸ் ஆயிற்று என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஆகஸ்டுத் திங்கள் 5-ஆம் நாள் வழக்குத் தொடங்கியது. அத்திங்களின் நடுவிலிருந்து விழாக்கள் அடுத்தடுத்து வர இருந்தன. வழக்கம்போல் சில நாள் நீண்ட உரை நிகழ்த்தினால் காலம் கழிந்துவிடும் என்பதைச் சிசரோ உணர்ந்தார். நாவன்மையால் புகழ்பெற விரும்பிய அவ்விளைஞர், அப்புகழைத் துறந்து, சில சொல்லே சொல்லிச் சாட்சிகளை உடனே அழைத்தார். சான்றுகளைக் கேட்ட வெரீஸ், தீர்ப்புக்குக் காத்திராமல் மாசிலியா நகருக்கு ஓடினான். சிசரோ பேசாதுவிட்ட நீண்ட உரைகள் பின்னர் நூல்களாக வெளிவந்தன. இவ்வழக்கைப்பற்றி நாம் அறிவன பெரும்பாலும் அவர் கூற்றே என்பதையும் நினைவில் இருத்தல் நேர்மையாம். அவ்வாண்டிலேயே செனட் சபையாரின் தனியுரிமை நீங்கி, நடுவரை மூன்று வகுப்பாரினின்றும் தெரிந்தெடுக்கும் சட்டமும் பிறந்தது.

இனி, இதற்கு மாறானதொன்றைக் காண்போம். வங்காளத்தை ஆண்டு, பின்னர்க் கவர்னர் ஜெனரலாய் விளங்கி, 1785-இல் இந்தியாவை விட்டகன்ற வாரன் ஹேஸ்டிங்ஸ்மீது இங்கிலாந்தின் பார்லிமெண்டு குற்றஞ்சாட்டியது. வழக்கை முன்னின்று நடத்திய எட்மண்டு பர்க், வெரீஸின் வரலாற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டவர். ஆயின், சிசரோவின் விரைவு இவ்வழக்கில் இல்லை. 1788 பிப்ரவரியில் தொடங்கிய விசாரணை 1795 ஏப்ரலில்தான் முடிந்தது. தீர்ப்புக் கூறிய பிரபுக்கள் 29 பேரே. எல்லாக் குற்றங்களினின்றும் ஹேஸ்டிங்ஸ் விடுவிக்கப்பட்டார். எனினும் வழக்குச் செலவே அவர் செல்வத்தை விழுங்கிவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியார் ஆண்டுப்பொருள் அளித்து அவரை ஆதரிக்க நேர்ந்தது.

இவ்விரண்டு வழக்குக்களையும் ஒருங்கே நோக்குவார்க்கு ஓருண்மை புலனாகும். வலியோனை வினவுதற்குச் சட்டம் வேண்டும். சார்பற்ற நடுவரும் வேண்டும். அழியாத ஏடும் அஞ்சாத சாட்சியும் வேண்டும். இவையனைத்தும் இருப்பினும், காலந் தாழ்த்தலுக்கு இடமளித்தால் யாவும் வீணாம். சாட்சிகள் மூப்பர், மக்கள் மறப்பர், நடுவர் மாறுவர். குற்றமுடையோன் தப்புவான், குற்றமில்லோனோ தீர்ப்புக்கு முன்னரே தண்டனை நுகர்வான். ஆதலின், விரைவு என்பது குற்றஞ்சாட்டுவோர்க்கு மட்டும் உரிய நலமன்று. இருதரப்பார்க்கும் உரிய அறமாம்.

கல்லூரியினின்று நீங்கும் நம்முள் பலர் நாளை அலுவல் ஏற்பர். சிலர் உயர்பதவியும் எய்துவர். அன்று நம் கணக்கேட்டை எவர் எந்நாளில் விரித்து வினவினும், சுரண்டித் திருத்திய பெயர் ஒன்றும் அதில் இல்லாதிருப்பதாக!