காலைக் குளிரில் திணறும் வண்டி



வேலூரும் ஆம்பூரும் வெயிலுக்குப் பெயர்போன ஊர்கள். இவ்வூர்களில் ஒரு யந்திரம் குளிரால் துன்பப்படுகிறது என்று யாரேனும் சொன்னால் நீங்கள் சிரிக்கக்கூடும். ஆனால், மார்கழி மாதத்து வைகறையில் ஆம்பூர்த் தெரு ஒன்றில் நின்று பாருங்கள். தோல் பதனிடும் சாலைகளின் வாடை பாலாற்றுப் பக்கத்துக் காற்றோடு கலந்து வரும். எங்கேனும் ஒரு வீட்டு வாசலில் பழைய மோட்டார் வண்டி ஒன்று இருமும், நிற்கும், மறுபடியும் இருமும். யந்திரத்துக்குக் குளிர் என்பது பனி உறையும் குளிர் அன்று. இரவெல்லாம் நின்று ஆறிப்போன இரும்பு எதுவாயினும் அதற்குக் குளிர்ந்த இரும்புதான்.

அந்த வண்டிக்கு வரும் நோய்களுள் ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். எஞ்சின் உயிர் பெற்றுவிடும். நின்ற இடத்தில் ஒழுங்காக ஓடும். ஆனால், புறப்படும்பொழுது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால், வேகம் எடுப்பதற்கு மாறாக ஒரு கணம் மூச்சடைத்ததுபோல் திணறும். பிறகுதான் பாயும். பத்து நிமிஷம் ஓடிச் சூடேறிவிட்டால் இந்தக் குறை தானே மறைந்துவிடும். அதனாலேயே பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. நானும் பொருட்படுத்தாமல்தான் இருந்தேன்.

என்னிடம் 1960-களில் செய்யப்பட்ட அம்பாசடர் ஒன்று உண்டு. ஒருநாள் விடியற்காலையில் அதனை ஓட்டிக்கொண்டு, பக்கத்துச் சாலையிலிருந்து சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏற முயன்றேன். தொலைவில் தோல் கட்டுகளை ஏற்றிய லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. போதிய இடைவெளி இருக்கிறது என்று கணக்கிட்டே வண்டியைச் செலுத்தினேன். பாதிச் சாலையில் எஞ்சின் திணறியது. ஒரு விநாடி, அல்லது ஒன்றரை விநாடி இருக்கலாம். லாரிக்காரர் விழிப்பாக இருந்தார். ஆகவே இன்று நான் உங்களுடன் பேசுகிறேன். வீட்டு வாசலில் வெறும் தொல்லையாக இருந்த குறை நெடுஞ்சாலையில் உயிருக்கு ஆபத்தாக மாறும் என்பதை அன்று கற்றேன்.

இந்தத் திணறல் ஏன் உண்டாகிறது? பெட்ரோல் திரவமாக இருக்கும் வரையில் நன்றாக எரியாது. அது ஆவியாகிக் காற்றோடு கலக்கவேண்டும். ஒரு பங்கு பெட்ரோல் முழுவதும் எரிவதற்கு எடைக் கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று தேவை. இந்தக் கலவையைச் செய்து கொடுப்பது கார்பரேட்டர். பெட்ரோலோ ஒரே பொருள் அன்று. பல பொருள்களின் கூட்டு. அதன் இலேசான பகுதிகள் சுமார் 35 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதிக்கும்; கனத்த பகுதிகள் 200 டிகிரி வரையிலும் தாக்குப்பிடிக்கும். குளிர்ந்த எஞ்சினில் இலேசான பகுதி மட்டுமே எளிதில் ஆவியாகிறது. மற்றது, குளிர்ந்த செம்பின் புறத்தே நீர் துளிர்ப்பதுபோல, உள்ளிழுக்கும் குழாயின் சுவர்களில் படிந்துவிடுகிறது.

இதனோடு இன்னொரு சங்கதியும் சேர்கிறது. ஏலகிரி மலை சுமார் 1,100 மீட்டர் உயரமுள்ளது. அங்கே காற்றின் அழுத்தம் குறைவு. ஆகையால் தண்ணீர் சுமார் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தம் குறைந்தால் திரவம் எளிதில் ஆவியாகும் என்பது விதி. எஞ்சின் மெல்ல ஓடும்பொழுது காற்றுவாயில் ஏறக்குறைய மூடியிருக்கும். குழாயினுள் அழுத்தம் மிகக் குறைவு. பெட்ரோல் எளிதில் ஆவியாகும். ஆக்ஸிலரேட்டரைத் திடீரென அழுத்தினால் வாயில் திறக்கிறது, அழுத்தம் ஏறுகிறது, ஆவியாக இருந்த பெட்ரோலிலும் ஒரு பகுதி மீண்டும் திரவமாகிச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. காற்று இலேசானதாகையால் உடனே உள்ளே ஓடிவிடுகிறது. கனத்த பெட்ரோல் பின்தங்குகிறது. அந்த ஒரு கணத்தில் சிலிண்டருக்குச் சென்று சேர்வது காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த கலவை. அது சரியாகத் தீப்பற்றுவதில்லை. நாம் உணரும் திணறல் இதுவே.

எஞ்சின் சூடேறியபின் நிலைமை மாறுகிறது. அம்பாசடரின் எஞ்சினில் உள்ளிழுக்கும் குழாயும் புகைக்குழாயும் ஒரே பக்கத்தில் இணைந்திருக்கின்றன. புகையின் சூடு குழாயைச் சூடாக்க, சுவரில் படிந்த பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. பத்து நிமிஷத்தில் நோய் மறையும் மர்மம் இதுதான்.

இயற்கையான இந்தக் குறையை வடிவமைத்தவர்கள் அறியாமல் இல்லை. அதற்கு இரண்டு மருந்துகள் வைத்தார்கள். ஒன்று, 'சோக்' என்னும் இழுகம்பி. குளிர் நேரத்தில் கலவையில் பெட்ரோலை மிகுவிப்பது. மற்றொன்று, வேகம் எடுக்கும் அந்தக் கணத்தில் மட்டும் கொஞ்சம் பெட்ரோலை அதிகமாகக் கொடுக்கும் ஏற்பாடு. பியட் வழிவந்த பத்மினி போன்ற வண்டிகளில் இதற்கென ஒரு சிறு பம்பு கார்பரேட்டரிலேயே இருக்கும். என்னுடைய அம்பாசடரில் இருப்பதோ எஸ்.யு. கார்பரேட்டர், அதில் பம்பு இல்லை. அதனுள் ஒரு பிஸ்டன் காற்றின் ஓட்டத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். அந்தப் பிஸ்டனின் உட்குழலில் சிறிது எண்ணெய் நிற்கும். வாயில் திடீரெனத் திறக்கும்பொழுது பிஸ்டன் சட்டென்று மேலே ஏறிவிடாதபடி எண்ணெய் தடுக்கும். அது மெல்ல ஏறுவதால் காற்றுவழி சில கணம் குறுகலாகவே இருக்கும். உறிஞ்சும் விசை பெருகும். பெட்ரோல் கூடுதலாக வரும்.

அந்த நெடுஞ்சாலை நிகழ்ச்சிக்குப் பிறகு வண்டியை ஒரு பட்டறையில் விட்டேன். ஒரே வாரத்தில் பிளக், காயில், கண்டென்சர் எல்லாம் மாற்றப்பட்டன. கார்பரேட்டரும் கழற்றிக் கழுவப்பட்டது. பணம் சென்றது; திணறல் செல்லவில்லை. வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்றுகூட எண்ணினேன். அப்பொழுது, தெருக்கோடியில் சிறு கடை வைத்திருக்கும் முதியவரான மெக்கானிக் பாயிடம் சென்றேன். அவர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. மூன்று கேள்விகள் கேட்டார். அந்த மூன்றும் எந்தப் பாடநூலிலும் இடம்பெறத் தக்கவை.

"சார், சூடானபின் திணறுகிறதா?" என்பது முதற்கேள்வி. சூட்டிலும் திணறுமானால் நோய் வேறிடத்தில் இருக்கலாம்: தீப்பொறியில், வால்வுகளில், பெட்ரோல் வரும் வழியில். குளிரில் மட்டும் என்றால் கலவையையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

"சோக்கைச் சிறிது இழுத்துப் பிடித்து ஓட்டினால் குறைகிறதா?" என்பது இரண்டாவது. குறைந்தால், கலவையில் பெட்ரோல் போதவில்லை என்பது உறுதியாகிறது. கூடினால், பெட்ரோல் ஏற்கெனவே மிகுதி, அல்லது தீப்பொறி பலவீனம் என்று கொள்ளலாம். பிளக்கைக் கழற்றிப் பார்த்தாலும் இது புலனாகும்: கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு.

"மெல்ல அழுத்தினால் திணறுகிறதா, திடீரென அழுத்தினால் மட்டுமா?" என்பது மூன்றாவது. திடீரென அழுத்தும்பொழுது மட்டும் என்றால், வேகம் எடுக்கும் கணத்துக்கென வைத்த ஏற்பாடு வேலை செய்யவில்லை என்று பொருள்.

என் விடைகளைக் கேட்டதும், கார்பரேட்டரின் தலையிலிருந்த திருகுமூடியைக் கையாலேயே கழற்றினார். மூடியோடு வந்த மெல்லிய கம்பி உலர்ந்திருந்தது. உட்குழலில் ஒரு சொட்டு எண்ணெயும் இல்லை. கழுவியவர்கள் எண்ணெய் ஊற்ற மறந்துவிட்டார்கள். அதற்கு முன்னரும் நான் ஊற்றியதில்லை. இலேசான எண்ணெயைச் சிறிதளவு ஊற்றி மூடியைத் திருகினார். "தோல் காய்ந்தால் எண்ணெய் வைக்கிறோம் அல்லவா, சார்? இதுவும் அப்படித்தான்" என்றார். மறுநாள் காலையில் வண்டி திணறவில்லை.

அவர் சொன்ன உவமை வெறும் உவமை அன்று என்பதைப் பின்னர் அறிந்து வியந்தேன். எஸ்.யு. என்பது ஸ்கின்னர் யூனியன் என்பதன் சுருக்கம். 1904-ஆம் ஆண்டு வாக்கில் இந்தக் கார்பரேட்டரை உருவாக்கிய ஹெர்பர்ட் ஸ்கின்னர், இங்கிலாந்தில் லில்லி அண்டு ஸ்கின்னர் என்ற காலணி நிறுவனத்தை நடத்திய குடும்பத்தவர். அவருடைய முதல் அமைப்பில் உலோகப் பிஸ்டன் இல்லை. தோலால் ஆன சிறு துருத்தியே இருந்தது. வேறு பல பழைய கார்பரேட்டர்களின் பம்பிலும் தோல் வாஷர்தான் பயன்பட்டது. வண்டி நெடுநாள் ஓடாமல் நின்றால் தோல் உலர்ந்து சுருங்கும், பம்பு பெட்ரோலைத் தள்ளாது, எஞ்சின் திணறும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலையும் அதற்கு எண்ணெய் ஊட்டுவதையும் நேரில் கண்டு வளர்ந்த ஆம்பூர்ப் பிள்ளைகளுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இனி, நீங்களே சோதிப்பதாயின் சில எச்சரிக்கைகள். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓட்டாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு மணமின்றியே கொல்லும். பக்கத்தில் நெருப்பு வேண்டாம். பம்புள்ள வண்டியில், எஞ்சினை நிறுத்திவிட்டுக் காற்று வடிகட்டியைக் கழற்றி, கையால் வாயிலைத் திறந்து டார்ச் ஒளியில் பாருங்கள். மெல்லிய பெட்ரோல் தாரை பீச்சினால் பம்பு நலம். ஓடும் எஞ்சினில் குழாய் இணைப்புகளின்மேல் சில துளி எண்ணெய் இடுங்கள்; ஓசை மாறினால் அங்கே திருட்டுக் காற்று நுழைகிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்டு இடைவெளி எனது வண்டியில் சுமார் 0.4 மில்லிமீட்டர், அதையும் அளந்து பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கை ஒருங்கே மாற்றினால், நோய் தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று தெரியாது. தீராவிட்டால் புதிதாக எதைக் கெடுத்தோம் என்றும் தெரியாது.

பழைய வண்டிகளுக்கு இக்காலத்தில் மற்றொரு சோதனையும் வந்துள்ளது. பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கை நம் நாடு 2025-ஆம் ஆண்டில் எட்டியது. எத்தனால் ஆவியாவதற்குப் பெட்ரோலைவிட இரு மடங்குக்கும் மேலான வெப்பம் வேண்டும். அது எரிவதற்கோ சுமார் 9 பங்கு காற்றே போதும். ஆகவே, பெட்ரோலுக்கென்று அளவு வைத்த கார்பரேட்டரில் கலவை இன்னும் மெலிகிறது. காலைத் திணறல் கூடுகிறது. பழைய ரப்பர்ப் பாகங்களும் அதனால் கெடக்கூடும். அவற்றை அடிக்கடி பார்க்கவேண்டும்.

அம்பாசடரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. இன்றைய கார்களில் கார்பரேட்டரும் இல்லை, சோக்கும் இல்லை. எஞ்சினின் உஷ்ணத்தை ஓர் உணர்கருவி அளந்து சொல்ல, கணிப்பொறி பெட்ரோலின் அளவை நிர்ணயிக்கிறது. ஆயினும், குளிர்ந்த சுவரில் பெட்ரோல் படிவது இன்றும் நின்றுவிடவில்லை. அந்த உணர்கருவி குளிர்ந்த எஞ்சினைச் சூடானது என்று பொய் சொன்னால், புத்தம் புதிய காரும் என் பழைய வண்டியைப்போலவே திணறும். கருவிகள் மாறினாலும் கேட்கவேண்டிய கேள்விகள் மாறவில்லை: எப்பொழுது? எந்த நிலையில்? எதைச் செய்தால் குறைகிறது?

என் வண்டியின் நோய் தீர ஒரு கரண்டி எண்ணெய் போதுமாயிருந்தது. ஆனால், அதனை எங்கே ஊற்றுவது என்று அறிவதற்கு மூன்று கேள்விகள் தேவைப்பட்டன. உங்களில் சிலர் நாளை பட்டறையிலும், சிலர் மருத்துவமனையிலும், சிலர் ஆராய்ச்சிக்கூடத்திலும் பணிபுரிவீர்கள். கருவியைக் கையில் எடுக்கும் முன் கேள்வியைக் கேளுங்கள்.