கொய்த பூத்தண்டிலிருந்து ரோஜாச் செடி

பூவுக்காகக் கொய்யப்பட்ட ரோஜாத் தண்டு உடனே இறந்துவிடுவதில்லை. சாடியில் இதழ்கள் உதிர்ந்த பின்னரும் அதன் பட்டை பசுமையாக இருக்குமாயின், உள்ளே உயிரணுக்கள் இயங்கிக்கொண்டே இருக்கின்றன. அத்தகைய தண்டைக் கொண்டு புதிய செடி ஒன்றை உண்டாக்க இயலும். ஆயினும், நட்ட தண்டுகளிற் பல முதலில் தளிர்த்துப் பின்னர் வாடிப்போவதைக் காண்கிறோம். இதன் காரணத்தை அறிந்தால் இழப்பைப் பெரிதும் குறைக்கலாம்.

தண்டின் பட்டைக்கும் கட்டைக்கும் இடையே கேம்பியம் எனப்படும் மெல்லிய வளர்திசு அமைந்துள்ளது. தண்டு வெட்டப்பட்டதும் காயத்தின்மேல் வெண்மையான மென்திசு படர்கிறது. கேம்பியத்தை அடுத்துள்ள உயிரணுக்களிலிருந்து வேர்கள் தோன்றுகின்றன. இவ்வேலையைத் தூண்டுவது ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருளாகும். இது மொட்டுகளிலும் இளந்தளிர்களிலும் உண்டாகி, தண்டின் வழியே கீழ்நோக்கிச் சென்று அடிவெட்டில் சேர்கிறது. ஆதலின் தண்டைத் தலைகீழாக நடுதல் கூடாது. 1928-ஆம் ஆண்டில் வெண்ட் என்னும் டச்சு அறிஞர் ஓட்ஸ் முளைகளின் நுனியிலிருந்து இப்பொருளைத் திரட்டிக் காட்டினார். 1935-இல் ஜிம்மர்மன், வில்காக்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள், இண்டோல் பியூட்டிரிக் அமிலம் வேர் விடுதலைத் தூண்டுவதை வெளியிட்டனர். இன்று கடைகளில் விற்கப்படும் வேர் ஊக்கித் தூள்கள் பலவற்றில் உள்ளது இவ்வமிலமே.

தளிர் விடுதல் வேறு. வேர் விடுதல் வேறு. தண்டில் முன்னரே சேமிக்கப்பட்டுள்ள மாவுப்பொருளைக் கொண்டு கணுவிலுள்ள மொட்டு விரைவில் தளிர்த்துவிடும். அப்பொழுது வேர் தோன்றியிராது. புதிய இலைகள் நீரை ஆவியாக வெளிவிடும்; அதனை ஈடு செய்ய வேரில்லாமையால் தண்டு உலர்ந்து மடிகிறது. ஆகவே, வேர் வரும் வரையில் தண்டின் ஈரம் குறையாமல் காப்பதே இம்முறையின் உயிர்நாடி.

எல்லா ரோஜாக்களும் ஒரே வகையாக வேர் விடுவதில்லை. பன்னீர் ரோஜா என வழங்கும் எட்வர்டு ரோஜா போத்து வைத்தாலே எளிதில் வேர் பிடிக்கும். ஓசூர், பெங்களூர் வட்டாரப் பசுமைக்குடில்களில் வளரும் நீண்ட தண்டுப் பூக்களோ கலப்பினங்களைச் சேர்ந்தவை. அவை பெரும்பாலும் வேறொரு வலிய வேர்ச்செடியின்மீது மொட்டுக் கட்டிப் பெருக்கப்படுகின்றன. அவற்றின் தண்டு வேர் விட்டாலும் சொந்த வேரில் செடி மெலிந்து வளரக்கூடும். கடைப்பூ பல நாட்கள் குளிரறையில் இருந்திருந்தால் வெற்றி வாய்ப்பு மேலும் குறையும். தோட்டத்தில் அன்று வெட்டிய தண்டே சிறந்தது.

கோலார் தங்க வயல் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. கோடை தணிந்த ஜூன் முதல் அக்டோபர் வரையிலான காலம் அங்கு இப்பணிக்கு ஏற்றது. ஆனால் மண்ணைத் தேர்வதில் எச்சரிக்கை வேண்டும். சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன; சயனைடு மேடுகளோ ஊரைச் சுற்றி இன்றும் நிற்கின்றன. தாதுவை மாவாக அரைத்துத் தங்கத்தைப் பிரித்த பின் எஞ்சிய கழிவே அம்மணல். அருகிற் கிடைக்கிறதென்று அதனைத் தொட்டியில் நிரப்புதல் தவறு. அதன் நுண்துகள்கள் நீர் பட்டதும் இறுகிக் காற்றைத் தடுக்கும். வேர் தோன்றவோ ஆக்சிஜன் இன்றியமையாதது. அதில் மட்கு இல்லை; தாதுவின் உலோக எச்சங்களும் கலந்துள்ளன. மாணவர் கைபடத்தக்க பொருளும் அன்று. கழுவிய ஆற்றுமணலும் நனைத்த தென்னைநார்க் கழிவும் சமமாகக் கலந்த கலவையே போதும்.

பென்சில் பருமனுள்ள தண்டில், பூவை நீக்கி, 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு மூன்று அல்லது நான்கு கணுக்கள் இருக்குமாறு துண்டு எடுக்கவேண்டும். கூரிய கத்தியால் அடியில் ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டுக. மேலே இரண்டு இலைகளைப் பாதியாக நறுக்கி வைத்து, ஏனையவற்றை நீக்குக. அடிவெட்டில் வேர் ஊக்கித் தூளைத் தொட்டு, இரண்டு கணுக்கள் புதையுமாறு நடுக. நிறமற்ற பிளாஸ்டிக் பை கொண்டு மூடி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைக்கவேண்டும். கலவை ஈரமாக இருந்தாற் போதும். நீர் தேங்கினால் தண்டு அழுகும். உருளைக்கிழங்கில் செருகி நடுவதால் நன்மையில்லை. கிழங்கு அழுகினால் தண்டும் கெடும்.

நான்கு முதல் எட்டு வாரங்களில் வேர் பிடிக்கும். இடையே தண்டைப் பிடுங்கிப் பார்த்தல் கூடாது. மெல்ல இழுக்கும்போது பிடிப்புத் தென்பட்டால் மூடியைச் சிறிது சிறிதாகத் திறந்து, செடியை வெளிக்காற்றுக்குப் பழக்கிய பின்னர் வேறு தொட்டிக்கு மாற்றலாம். முதலில் தோன்றும் அரும்புகளைக் கிள்ளிவிட்டால் வேரும் கிளையும் வலுப்பெறும்.

பள்ளிகளில் இதனை நல்லதொரு சோதனையாகவும் நடத்தலாம். ஒரே செடியிலிருந்து எடுத்த இருபது துண்டுகளில் பத்தை மூடியும் பத்தை மூடாமலும் நட்டு, தளிர்த்தவை எத்தனை, எட்டாம் வாரத்தில் வேர் கண்டவை எத்தனை என மாணவர்கள் குறித்து வரட்டும். தளிரை மட்டும் கண்டு வெற்றியென முடிவு செய்வது எவ்வளவு பிழையானது என்பதை அவ்விரு எண்களும் அவர்களுக்கு விளக்கும்.